பூட்டிக் கிடந்த அச்சுக்கூடத்தை மீண்டும் ஓடவைப்பது: டிரெடில் மெஷினுக்கும் அதன் அறைக்கும் ஒரு முழு வழிகாட்டி

நெடுநாள் பூட்டிக் கிடந்த அச்சுக்கூடம் கைக்கு வந்தால் முதலில் கை போவது மெஷின் மேல்தான். சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கத் தோன்றும், துருவைச் சுரண்டிப் பார்க்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். வார்ப்பிரும்பு அவ்வளவு சீக்கிரம் அழிந்துபோகாது. அதைக் கெடுத்தது பெரும்பாலும் அந்த அறை: ஒழுகும் கூரை, ஓதம் ஏறிய சுவர், காற்றே புகாத மூலை. அறையை அப்படியே விட்டுவிட்டு மெஷினை மட்டும் துடைத்துப் பளபளக்க வைத்தால், அடுத்த ஈரக் காலத்தில் துரு திரும்ப வந்துவிடும். அதனால் இங்கே மெஷினுக்கு முன்னால் அறை வருகிறது. அறைக்கும் முன்னால் ஒரு நோட்டுப் புத்தகமும் கேமராவும் வருகின்றன.

நான் மனதில் வைத்து எழுதுவது டிரெடில் மெஷினை: காலால் மிதித்தோ மோட்டார் பூட்டியோ ஓட்டுவது, எழுத்து நிற்கும் பெட், காகிதம் நிற்கும் பிளாட்டன் என்ற இரண்டு தட்டும் சிப்பியைப் போலத் திறந்து மூடுவது. 1881இல் தொடங்கி 1964 வரை நடந்த அமெரிக்காவின் சாண்ட்லர் அண்ட் பிரைஸ் நிறுவனம் இந்த வகையைப் பல பத்தாண்டுகள் செய்துகொண்டிருந்தது. உதிரி பாகங்களும் பழைய கையேடுகளும் இன்றும் ஓரளவு எளிதாகக் கிடைப்பது இதற்குத்தான். தானே காகிதம் எடுத்துக்கொள்ளும் ஹைடெல்பர்க் விண்ட்மில், புரூஃப் எனும் மாதிரிப் பிரதி எடுக்கும் வாண்டர்குக் மெஷின் போன்றவற்றுக்கு இயந்திர நுணுக்கம் வேறு. ஆனால் அறை, ஈயம், எழுத்து, மை தடவும் ரோலர் பற்றிச் சொல்வது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

எதையும் நகர்த்தும் முன்

அறை இருக்கிறபடியே முழுவதையும் படம் எடுங்கள். எழுத்துகளைப் பிரித்துப் போட்டுவைக்கும் கேஸ் எனும் தட்டுகள் ஒவ்வொன்றையும் இழுத்து மேலிருந்து ஒரு படம், மெஷினின் நான்கு பக்கமும், ஒவ்வொரு நட்டு போல்ட்டும் தெரியும்படி. பின்னால் ஒரு ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்று தேடும்போது இந்தப் படங்கள்தான் கைகொடுக்கும்.

தரையைப் பெருக்காதீர்கள், குப்பையையும் அள்ளாதீர்கள். டிரெடிலில் காகிதத்தைப் பிடிக்கும் கிரிப்பர், ரோலர் கொக்கி, சிறிய ஸ்பிரிங், எழுத்தை இறுக்கும் குவாயின் ஆப்பின் சாவி எல்லாம் பெரும்பாலும் மெஷினுக்கு அடியிலோ அலமாரிக்குப் பின்னாலோதான் கிடக்கும். கையுறையும் முகக்கவசமும் போட்டு, குப்பையை லேசாக ஈரமாக்கி, ஒரு தட்டில் பரப்பிப் பார்த்த பிறகே வெளியேற்றுங்கள். காந்தம் ஒன்றை வைத்துத் துழாவினால் இரும்புச் சாமான் மாட்டும். ஈய எழுத்து மாட்டாது, அதைக் கண்ணால்தான் பொறுக்க வேண்டும்.

கேலி எனும் உலோகத் தட்டுகளில், கோத்த எழுத்துகளை நூல் கட்டி வைத்த பழைய மேட்டர் இருந்தால் அது பெரும் சொத்து. யாரோ ஒருவர் கோத்துவைத்துவிட்டுப் போன அழைப்பிதழோ, ரசீதோ, நோட்டீஸோ அது. எழுத்து வேண்டும் என்ற அவசரத்தில் உடனே பிரித்துப் போடாதீர்கள். மெஷின் தயாரானதும் ஒவ்வொன்றையும் ஒரு புரூஃப் எடுத்துவிட்டுப் பிரிக்கலாம். மெஷின் ஆணி, சுவர், அலமாரி என்று எங்கெங்கோ சொருகியிருக்கும் அச்சு மாதிரிகளையும், பிளாட்டனை மூடும் டிம்பன் தாளுக்கு அடியில் அழுத்தத்துக்காக வைத்த பழைய பேக்கிங் தாள்களையும் எடுத்து வையுங்கள். கடைசியாக ஓட்டியவர் எவ்வளவு பேக்கிங் வைத்தார் என்பது மெஷினின் நிலையைப் பற்றி நிறையச் சொல்லும்.

மெஷினின் சீரியல் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். சாண்ட்லர் அண்ட் பிரைஸில் அது பெட்டின் மேல் விளிம்பில் இடது ஓரமாக, மைக்கும் துருவுக்கும் அடியில் பதிந்திருக்கும். அந்த எண்ணை வைத்துத் தயாரான ஆண்டைக் கண்டுபிடிக்கும் பட்டியல்கள் உண்டு.

ஈயத்தோடு பழகும் முறை

ஈயம் என்றதும் பயந்து ஓடவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அச்செழுத்து என்பது ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் மூன்றும் கலந்த உலோகம். ஆன்டிமனி கடினம் தருகிறது, வெள்ளீயம் வார்ப்பில் நன்றாக ஓடவைக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் எழுத்தைக் கையால் தொடுவதால் பெரிய ஆபத்து இல்லை. ஆபத்து தூசியில் இருக்கிறது. ஈரத்தில் கிடந்த எழுத்தின் மேல் வெள்ளையாக மாவுபோலப் பூத்திருந்தால் அது ஈயத்தின் உப்பு, மூச்சோடு உள்ளே போகக் கூடாதது.

அதனால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கேஸைக் காற்றடித்துச் சுத்தம் செய்யக் கூடாது, உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, சாதாரண வாக்குவம் கிளீனரும் கூடாது. அது நுண்ணிய தூசியைப் பின்பக்கமாக அறை முழுக்கத் துப்பிவிடும். ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவம் வேண்டும், இல்லையென்றால் ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தூசிக்கான நல்ல முகக்கவசம், வேலைக்கென்று தனி உடை, அந்த அறைக்குள் எதையும் தின்பதும் குடிப்பதும் இல்லை, வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. சிறு குழந்தைகளும் கர்ப்பமாக இருப்பவர்களும் சுத்தம் செய்யும் கட்டத்தில் பக்கத்தில் வர வேண்டாம். மாதக்கணக்கில் இந்த வேலை செய்பவர் ரத்தத்தில் ஈய அளவு பார்த்துக்கொள்வது நல்லது.

பழைய சுவர், ஜன்னல் பெயிண்டிலும் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துச் சுரண்டுங்கள். கூரையிலோ குழாய் உறையிலோ ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்று சந்தேகம் வந்தால் உடைக்காமல், துளைக்காமல் அந்த வேலைக்கென்று பயிற்சி பெற்றவரை அழையுங்கள்.

அறை

முதலில் நீர். கூரை, ஜன்னல் விளிம்பு, மழைநீர்க் குழாய், சுவரின் அடிப்பகுதி என்று நீர் வரும் வழியைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டு, சுவர் காய நேரம் கொடுங்கள். ஓதம் காயும் முன் பெயிண்ட் அடித்தால் உரிந்து விழும். நேரம் இருந்தால் ஓர் ஈரப்பதமானியை வாங்கிச் சில வாரம் அளவு குறித்துப் பாருங்கள். 45 முதல் 55 சதவீதம் இருந்தால் காகிதத்துக்கும் மர எழுத்துக்கும் இரும்புக்கும் ஒத்துவரும். அதைவிட முக்கியம் அது மேலும் கீழும் தாவாமல் இருப்பது. காகிதம் ஈரம் வாங்கினால் விரியும். இரண்டு நிற வேலையில் முதல் நிறம் ஒரு நாள், இரண்டாவது மறுநாள் என்று ஓட்டும்போது நிறம் பொருந்தாமல் போவதற்கு மெஷினைத் திட்டுவார்கள். பல நேரம் குற்றம் காற்றில்தான் இருக்கும்.

அடுத்தது தரை. எழுத்தைப் பூட்டும் சேஸ் எனும் இரும்புச் சட்டம் 10×15 அங்குலம் உள்ள டிரெடில் ஏறக்குறைய 600, 700 கிலோ வரும். விண்ட்மில் ஒரு டன்னுக்கும் மேல். அந்த எடை முழுவதும் சில பாதங்கள் வழியாக இறங்குகிறது, ஓடும்போது அதிர்வும் சேர்கிறது. தரைத்தளத்தில் கான்கிரீட் தரை இருந்தால் கவலை இல்லை. மாடியிலோ மரத் தரையிலோ வைக்க நினைத்தால் கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் வைக்காதீர்கள். எழுத்துக் கேஸ் அடுக்கிய அலமாரியையும் கணக்கில் சேருங்கள். நிறைந்த அலமாரி ஒன்று மெஷினுக்குச் சமமாகக்கூடக் கனக்கலாம்.

மின்சாரம்: பழைய வயரிங்கை நம்ப வேண்டாம், முழுவதும் மாற்றிவிடுங்கள். எர்த்திங்கும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரும் கட்டாயம். மெஷினில் மூன்று ஃபேஸ் மோட்டார் இருந்து வீட்டு இணைப்பு ஒற்றை ஃபேஸாக இருந்தால், மோட்டாரைத் தூக்கி எறியத் தேவையில்லை. ஒற்றை ஃபேஸை மூன்றாக்குவது, வேகத்தைக் கூட்டிக் குறைப்பது என்ற இரண்டு காரியத்தையும் விஎஃப்டி எனும் சாதனம் ஒன்றே பார்த்துக்கொள்ளும்.

வெளிச்சம் விஷயத்தில் தாராளமாக இருங்கள். அச்சுக் கோக்கும் இடத்தில் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, உங்கள் கைநிழல் கேஸில் விழாதபடி வர வேண்டும். எழுத்தின் முகத்தைத் தலைகீழாகப் படிக்கிற வேலை அது. ஆனால் நேர் வெயில் மர எழுத்தின் மேலோ, ரோலரின் மேலோ படக் கூடாது. மெஷின் பக்கத்தில் ஒரு விளக்கு காகிதம் வைக்கும் தட்டை நேராகப் பார்க்கட்டும்.

கடைசியாகத் தீ. மையில் இருக்கும் ஆளி விதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு வெளிவிடும். மை துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால் அந்தச் சூடு உள்ளேயே தங்கி, நெருப்புக் குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். மூடி உள்ள இரும்புத் தொட்டி ஒன்றை முதல் நாளே வாங்கி வையுங்கள். தீயணைப்பான் வாசல் பக்கம் இருக்கட்டும், கரைப்பான் டப்பாக்களுக்குப் பின்னால் அல்ல.

மெஷினைப் படிப்பது

இப்போது மெஷினிடம் வரலாம். துருவைப் பார்த்து மனம் தளர வேண்டாம், அது மேல்தோல். உண்மையில் பயப்பட வேண்டியது விரிசலுக்கும் காணாமல் போன பாகத்துக்கும்தான். சந்தேகமான இடத்தைச் சுத்தம் செய்து, மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பூசிப் பாருங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் சாக்பீஸில் ஒரு கோடாக ஊறித் தெரியும். மெஷினைத் திறந்து மூடும் பக்கக் கைகள், சட்டத்தின் பாதங்கள், பெரிய பல்சக்கரத்தின் பற்கள், அழுத்தத்தை விலக்கும் த்ரோ-ஆஃப் லீவரின் அடி ஆகியவற்றைக் கட்டாயம் இப்படிச் சோதியுங்கள். வார்ப்பிரும்பை ஒட்டுவது சாதாரண வெல்டிங் அல்ல. சூடேற்றி நிக்கல் கம்பியால் ஒட்டுவது, பித்தளை ஒட்டு, ஊசி தைப்பது போன்ற உலோகத் தையல் என்று முறைகள் இருக்கின்றன. அனுபவம் உள்ள பட்டறையில் கொடுங்கள். பக்கக் கையில் பெரிய விரிசல் இருந்து மாற்றுப் பாகமும் கிடைக்காவிட்டால், அந்த மெஷினை ஓட்டாமல் வைத்திருப்பதே சரி என்பது என் கருத்து.

சக்கரத்தைத் தொடும் முன் பெட்டுக்கும் பிளாட்டனுக்கும் இடையே விளக்கடித்துப் பாருங்கள். மறந்துபோன மரக்கட்டையோ, வரிகளுக்கு இடையே வைக்கும் லெட் தகடோ, எழுத்தோ இருக்கலாம். ஒரு ஸ்பேனர் அங்கே மாட்டிச் சக்கரம் சுற்றினால் ஏதாவது ஒன்று உடையும், அது ஸ்பேனராக இருக்காது.

நகர்த்துவது

இடம் மாற்றத் தேவையில்லை என்றால் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் கனரக இயந்திரம் தூக்கிப் பழகியவர்களைக் கூப்பிடுங்கள். டிரெடிலின் எடை மேலேயும், சக்கரம் இருக்கும் பக்கமாகவும் சாய்ந்து இருக்கும், அதனால் எதிர்பாராமல் கவிழும். முதலில் ரோலர்கள், மை பரப்பும் இங்க் டிஸ்க், காகிதம் வைக்கும் பலகைகள் போன்ற எளிதில் உடைவனவற்றைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டுங்கள். வாசல் குறுகலாக இருந்தால் சக்கரமும் இறங்க வேண்டிவரும். மெஷினைத் தடித்த இரண்டு மரக்கட்டைகளின் மேல் போல்ட் போட்டு நிறுத்தி, அந்தக் கட்டையோடு சேர்த்தே இரும்புக் குழாய் மேல் உருட்டலாம். அச்சுத் தண்டையோ, பிளாட்டனையோ பிடித்துத் தூக்கக் கூடாது. சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

துருவும் எண்ணெயும்

எண்ணெய்த் துளையில்தான் மெஷினின் உயிர் இருக்கிறது. பழைய டிரெடிலில் துளைகள் நிறைய இருக்கும், பலவும் காய்ந்த மையாலும் பெயிண்டாலும் மூடியிருக்கும். கையேட்டில் உள்ள படத்தை வைத்தோ, அசையும் ஒவ்வொரு மூட்டின் மேலும் தடவிப் பார்த்தோ எல்லாவற்றையும் கண்டுபிடியுங்கள். மெல்லிய கம்பியால் குடைந்து, மண்ணெண்ணெய் விட்டு, கறுத்த சாறு வெளியேறும்வரை ஊறவைத்து, பிறகு எஸ்ஏஇ 30 எண்ணெய் விடுங்கள். கார் என்ஜினுக்குரிய டிடர்ஜென்ட் கலந்தது வேண்டாம், கலக்காதது வேண்டும். கண்டுபிடித்த துளை ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்புப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் பின்னால் எதுவும் விட்டுப்போகாது.

இறுகிய போல்ட்டுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு நாள் விடுங்கள். மறுபடி விட்டு, இன்னொரு நாள். அசையவில்லையென்றால் நட்டை மட்டும் சூடேற்றலாம், அதற்கு முன் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு. சுத்தியல் வேண்டாம். வார்ப்பிரும்பு வளையாது, உடையும்.

துருவுக்கு நான் பரிந்துரைப்பது பொறுமையான முறை: எண்ணெயில் நனைத்த மிக நுண்ணிய 0000 ஸ்டீல் வூல், பித்தளைத் தூரிகை, துணி. கழற்றக்கூடிய சிறு பாகங்களை அமிலம் இல்லாத துரு நீக்கும் திரவத்தில் ஊறவைக்கலாம். மணல் வீசித் துரு எடுக்கும் முறையைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். மணல் பேரிங்கில் புகுந்தால் வாழ்நாள் முழுக்க அரைத்துக்கொண்டிருக்கும், பெட்டும் பிளாட்டனும் மட்டம் இழக்கும். காய்ந்த மையைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள். எந்தக் கட்டத்திலும் பெட்ரோலைத் தொடாதீர்கள்.

எண்ணெய் ஊறியதும் சக்கரத்தைக் கையால், மிக மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கேயாவது இறுகினால் நிறுத்தி, பின்னால் சுற்றி, காரணம் தேடுங்கள். டிஸ்க் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திரும்புகிறதா, த்ரோ-ஆஃப் லீவர் தடையில்லாமல் போய் வருகிறதா என்று பாருங்கள். த்ரோ-ஆஃப் வேலை செய்யாத மெஷினில் அச்சடிக்க உட்காராதீர்கள்.

பெயிண்ட் பற்றி ஒரு வார்த்தை. முழு மெஷினையும் புதிதாகப் பூசிக் காட்சிப் பொருளாக்கும் ஆசை பலருக்கு வரும். பழைய பெயிண்ட் பெரும்பாலும் தாங்குகிறது என்றால் கழுவி மெழுகு பூசுவதே போதும் என்பேன். பல பத்தாண்டு வேலையில் கை பட்டுத் தேய்ந்த இடங்கள் அந்த மெஷினின் வரலாறு. பூசித்தான் ஆக வேண்டும் என்றாலும் ரோலர் உருளும் ரெயில், பெட், பிளாட்டன், டிஸ்க், எண்ணெய்த் துளை எதிலும் ஒரு சொட்டுப் படக் கூடாது.

ரோலர்

பழைய ரோலர்களை மாற்றிவிடுங்கள். பசையும் கிளிசரினும் கலந்து வார்த்த கம்போசிஷன் ரோலர்கள் சூட்டில் உருகி, ஈரத்தில் ஊதியிருக்கும். ரப்பர் ரோலர்கள் இறுகி, வெடித்து, படுத்த பக்கம் தட்டையாகியிருக்கும். உள்ளே இருக்கும் இரும்புத் தண்டைத் தூக்கி எறியாதீர்கள். ரோலர் வார்ப்பவர் அதன் மேலேயே புது ரப்பர் ஏற்றித் தருவார்.

எழுத்தின் உயரம் 0.918 அங்குலம், அதாவது 23.3 மி.மீ. என்பது இங்கிலாந்து, அமெரிக்க வழக்கம். ஐரோப்பாவின் சில பகுதிகளில் இதைவிட உயரமான எழுத்து உண்டு, இரண்டையும் ஒரே ஃபாரத்தில், அதாவது சேர்ந்து அச்சாகும் ஒரே தொகுப்பில், கலக்க முடியாது. ரோலர் சரியாக அந்த உயரத்தில் உருள வேண்டும். ரோலரின் இரு முனையிலும் இருக்கும் டிரக் எனும் சிறு சக்கரத்தின் விட்டம் ரோலரின் விட்டத்தோடு ஒத்திருக்க வேண்டும். எழுத்து உயரத்துக்குச் செய்த அளவுகோலை, மை தடவிய ரோலருக்கு அடியில் பெட்டின் மேல் வைத்து இழுங்கள். அதில் விழும் மைக் கோடு சுமார் 3 மி.மீ. அகலம் இருந்தால் சரி. அதைவிட அகலம் என்றால் ரோலர் தாழ்ந்திருக்கிறது, எழுத்தின் முகத்தைச் சுற்றித் தாழ்ந்திருக்கும் தோளிலும் மை படியும். ரெயில் தேய்ந்திருந்தால் அதன் மேல் தகுந்த டேப் ஒட்டி உயர்த்தலாம்.

எழுத்தும் கேஸும்

ஒவ்வொரு கேஸாக எடுங்கள். பல கேஸை ஒரே நேரத்தில் திறந்து வைத்தால் கலந்து போகும், கலந்த எழுத்தைப் பிரிப்பதைப்போல் சலிப்பான வேலை அச்சுக்கூடத்தில் வேறு இல்லை. காய்ந்த மையை டர்பன்டைன் வகைக் கரைப்பானும் மென்மையான தூரிகையும் எடுத்துவிடும். எழுத்தின் முகத்தை உலோகத்தால் சுரண்டக் கூடாது. வெள்ளை பூத்து முகமே அரித்துப்போன எழுத்தைக் காப்பாற்ற முடியாது, அதைத் தனி டப்பாவில் மூடி உலோக மறுசுழற்சிக்குக் கொடுங்கள். ஓக் மரக் கேஸின் அமில ஆவியும் மூடிய இடத்தில் ஈயத்தை அரிக்கும், அதனால் அலமாரியில் காற்று போய்வர இடம் விடுங்கள்.

மர எழுத்து வேறு ஜாதி. தண்ணீரில் நனைக்கவே கூடாது, எண்ணெயில் ஊறவைக்கவும் கூடாது. துணியில் கொஞ்சம் கரைப்பான் தொட்டுத் துடைத்து, தட்டையாகப் படுக்கவைத்து உலர விடுங்கள்.

தமிழ் எழுத்துக் கேஸ் என்றால் இன்னொரு கவனம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் வார்த்தவற்றில் ணை, லை, ளை, னை ஆகியவையும் ணா, றா, னா ஆகியவையும் பழைய ஒட்டு வடிவில் தனித்தனி எழுத்தாக இருக்கும். பயன்படாது என்று ஒதுக்கிவிடாதீர்கள். புதிதாக வார்க்க ஆள் கிடைப்பது அரிது.

அழுத்தத்தைச் சமன் செய்தல்

பெரிய அளவு எழுத்து ஒன்றை, ஒரே எழுத்தாக நான்கு எடுத்துச் சேஸின் நான்கு மூலையிலும் வைத்துப் பூட்டுங்கள். பிளாட்டனில் டிம்பன் தாளோடு சேர்த்து ஏறக்குறைய 0.040 அங்குலம், அதாவது 1 மி.மீ. பேக்கிங் போடுங்கள். ஒரு தாள் அச்சடித்து, முன்னும் பின்னும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எந்த மூலை கனமாக விழுகிறதோ அந்த மூலைக்குப் பின்னால் இருக்கும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் இம்ப்ரெஷன் போல்ட்டின் பூட்டு நட்டைத் தளர்த்தி, கொஞ்சமே கொஞ்சம் இறக்குங்கள். நான்கும் ஒத்து வந்ததும் பூட்டிவிட்டு, அதற்கப்புறம் அந்தப் போல்ட்டை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் அழுத்தத்தைத் தாள் கூட்டிக் குறைத்தே சரிசெய்ய வேண்டும்.

காகிதத்தில் குழிவிழுகிற மாதிரி ஆழமாக அழுத்துவது இன்றைக்கு மோஸ்தராக இருக்கிறது. அதை ஃபோட்டோபாலிமர் எனும் பிளாஸ்டிக் பிளேட்டில் செய்யுங்கள், பழைய ஈய எழுத்தில் வேண்டாம். எழுத்தின் முகம் தேய்ந்தால் திரும்ப வராது. மை சமமாகப் படிந்து, பின்பக்கம் தடவினால் லேசாக உணரும் அளவு போதும்.

முதல் வேலை

ஸ்டோன் எனும் மட்டமான மேசை மேல் சேஸை வைத்து, கட்டைகளால் நிரப்பி, குவாயினை அரைகுறையாக முடுக்கி, பிளேனர் கட்டையால் மெதுவாகத் தட்டி எழுத்துகளைச் சமப்படுத்தி, பிறகு இறுக முடுக்குங்கள். ஒரு மூலையைச் சற்றே தூக்கி விரலால் தட்டிப் பாருங்கள். எந்த எழுத்தும் அசையவில்லை என்றால்தான் மெஷினில் ஏற்றலாம். கிரிப்பர் கைகள் எழுத்தின் மேல் விழாத இடத்தில் இருக்கின்றனவா என்று கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ஒரே மூடலில் எழுத்து நசுங்கிவிடும்.

மை கடுகளவில் ஆரம்பிக்கட்டும், கூட்டுவது எளிது. ரப்பர் அடிப்படை மை டிஸ்க்கில் நெடுநேரம் உலராமல் நிற்கும், பழகும் காலத்துக்கு அதுதான் வசதி. மோட்டார் இருந்தாலும் முதல் சில வாரம் காலால் மிதியுங்கள். காகிதம் கோணலாக விழுந்தால் அதை நேராக்கக் கையை நீட்டாதீர்கள். த்ரோ-ஆஃப் லீவரை இழுத்து, அந்தத் தாளைப் போகவிடுங்கள். தாள் போனால் போகட்டும். மோட்டார் பூட்டும்போது பெல்ட்டுக்கு மூடியும் கை எட்டும் தூரத்தில் அவசர நிறுத்தமும் வேண்டும்.

அச்சு முடிந்த அன்றே ரோலரையும் டிஸ்க்கையும் கழுவுங்கள். முதலில் சமையல் எண்ணெய் மையை இளக்கும், பிறகு கரைப்பான் மிச்சத்தை எடுக்கும். ரோலர்களை டிஸ்க் மேல் சாய்த்து வைக்காமல் கழற்றித் தொங்கவிடுங்கள். ஓட்டும் நாளெல்லாம் எண்ணெய். சில வாரம் ஓட்டப் போவதில்லை என்றால் டிஸ்க்கிலும் ரெயிலிலும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து, பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும், அது வேண்டாம்.